ரூபன் சாண்ட்விச்சை ரோலாகச் சுட 25 குறிப்புகள்

வெட்டிய இறைச்சியும் சாண்ட்விச்சும் விற்கும் அமெரிக்காவின் டெலி கடைகளில் பெயர் பெற்ற சாண்ட்விச் ரூபன். உப்பு நீரில் பல நாள் ஊறி, பிறகு மெத்தென்று வெந்த கார்ன்ட் பீஃப், புளிக்கவைத்த முட்டைகோஸான சவர்கிராட், சுவிஸ் சீஸ், ரஷ்யன் டிரெஸ்ஸிங் என்ற இளஞ்சிவப்பு சாஸ் ஆகிய நான்கையும் ரை பிரெட்டுக்குள் அடுக்கி, வெளியே வெண்ணெய் தடவிக் கல்லில் வாட்டித் தருவார்கள். சூடாகச் சாப்பிட்டால்தான் ருசி. ஆறினால் பிரெட் நமுத்துவிடும். பத்துப் பேர் வீட்டுக்கு வந்தால், ஒவ்வொன்றாக வாட்டிக்கொண்டு அடுப்படியிலேயே நிற்க வேண்டும். அதே பொருள்களை ரொட்டி மாவுக்குள் பொதிந்து ஓவனில் வைத்தால் எல்லாம் ஒரே நேரத்தில் வெந்துவிடும். கையில் எடுத்துச் சாப்பிடலாம், மறுநாள் டிபன் பாக்ஸிலும் வைத்து அனுப்பலாம்.

இந்தச் சாண்ட்விச்சுக்கு இரண்டு ஊர்கள் உரிமை கொண்டாடுகின்றன. நியூயார்க்கில் டெலி நடத்திய ஆர்னால்ட் ரூபன் 1914-ல் செய்தது என்பது ஒரு தரப்பு. நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில், பிளாக்ஸ்டோன் ஹோட்டலில் 1920-களில் சீட்டாட்டம் நடந்த இரவுகளில் ரூபன் குலகோஃப்ஸ்கி என்ற மளிகை வியாபாரி கேட்டுச் செய்யவைத்தது என்பது இன்னொரு தரப்பு. அந்த ஹோட்டலில் பரிமாறுபவராக இருந்த ஃபெர்ன் ஸ்னைடர் 1956-ல் தேசிய சாண்ட்விச் போட்டிக்கு இதை அனுப்பிப் பரிசு வென்றார். அதே நெப்ராஸ்காவில், ரஷ்யாவின் வோல்கா பகுதியிலிருந்து குடியேறிய ஜெர்மானியர்கள் மாட்டிறைச்சியையும் முட்டைகோஸையும் ரொட்டி மாவுக்குள் பொதிந்து சுடும் ரன்சாவைக் கொண்டுவந்தார்கள். 1949-ல் லிங்கன் நகரில் ரன்சாவுக்கென்றே ஒரு கடை திறந்தது, இன்று அது பெரிய உணவகச் சங்கிலி. ஆக, ரூபனை மாவுக்குள் அடைப்பது அந்த மண்ணுக்குப் பொருந்திய காரியம்தான்.

ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லில் வாட்டும் சாண்ட்விச்சில் நீராவி பக்கவாட்டில் வெளியேறிவிடும். மூடிய ரோலுக்குள் அதற்குப் போக்கிடம் இல்லை. பூரணத்தில் எவ்வளவு ஈரம் இருக்கிறதோ அவ்வளவும் மாவில்தான் இறங்கும். கீழே வரும் குறிப்புகளில் பல இந்த ஈரத்தைக் கட்டுப்படுத்தும் வழிகளே.

12 ரோல்களுக்குத் தேவையானவை

மாவுக்கு: மைதா 350 கிராம், ரை மாவு 100 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன், உப்பு 8 கிராம், வெதுவெதுப்பான பால் 180 மில்லி, தண்ணீர் 100 மில்லி, வெண்ணெய் 40 கிராம், கேரவே விதை 2 டீஸ்பூன்.

பூரணத்துக்கு: வெந்த கார்ன்ட் பீஃப் 300 கிராம், பிழிந்த சவர்கிராட் 150 கிராம், சுவிஸ் சீஸ் 180 கிராம், ரஷ்யன் டிரெஸ்ஸிங் 4 டேபிள்ஸ்பூன்.

மேலே தடவ: முட்டை 1, பால் 1 டேபிள்ஸ்பூன்.

மாவு

1. மாவும் பூரணமும் ஏறக்குறைய சம எடையில் இருக்கட்டும். ஓர் உருண்டை மாவு 65 கிராம் என்றால் பூரணம் 55 முதல் 60 கிராம் போதும். ஆசைக்கு அதிகமாக அடைத்தால் மடிப்பு பிரிந்து சீஸ் தட்டில் ஒழுகும். குறைத்துவிட்டால் முதல் இரண்டு கடி வெறும் பன்னாகப் போகும். சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் எல்லா ரோலும் ஒரே அளவில் வரும், ஒரே நேரத்தில் வேகும்.

2. ரை மாவு மொத்த மாவில் கால் பங்கைத் தாண்ட வேண்டாம். ரை தானியத்தில் மாவை இழுத்துப் பிடிக்கும் வலு குறைவு. அளவு கூடினால் மாவு கையில் பிசுபிசுவென்று ஒட்டும், மடிக்கும்போது கிழியும். ரை கிடைக்காத ஊரில் அந்த 100 கிராமுக்கு முழுக் கோதுமை மாவு போடலாம். ருசியில் சிறிது வித்தியாசம் தெரியும், பக்குவத்தில் குறை இருக்காது.

3. கேரவே விதையை விட்டுவிடாதீர்கள். டெலி ரை பிரெட் என்றதும் நினைவுக்கு வரும் வாசனை பெரும்பாலும் இந்த விதையினுடையது. ரை மாவே இல்லாவிட்டாலும் இது இருந்தால் ரூபனின் அடையாளம் வந்துவிடும். பார்வைக்குச் சீரகம் போலவே இருக்கும் என்பதால் முகர்ந்து பார்த்து வாங்குங்கள். வெறும் வாணலியில் அரை நிமிடம் சூடுகாட்டி, லேசாக நசுக்கி மாவில் கலந்தால் மணம் இரட்டிப்பாகும்.

4. ஈஸ்ட் பழையது என்ற சந்தேகம் இருந்தால் சோதித்துவிட்டே மாவில் சேருங்கள். வெதுவெதுப்பான பாலில் சர்க்கரையையும் ஈஸ்ட்டையும் கலந்து பத்து நிமிடம் வையுங்கள். மேலே நுரை கட்டினால் உயிரோடு இருக்கிறது. பாலின் சூடு 38 முதல் 43 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். விரலை விட்டால் இதமாக இருக்கும் பதம் அது. கொதிக்கும் பாலை ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும்.

5. மாவைப் பத்து நிமிடமாவது நன்றாகப் பிசையுங்கள். ரை கலந்த மாவு முதலில் ஒட்டத்தான் செய்யும். உடனே மைதாவை அள்ளித் தூவாதீர்கள், ரோல் வறண்டுவிடும். கையில் லேசாக எண்ணெய் தடவிக்கொண்டு தொடர்ந்தால் ஐந்தாறு நிமிடத்தில் மாவு வழிக்கு வரும். விரலால் அழுத்தினால் மெல்ல எழும்பி வரும் பதம் சரியான பதம்.

6. மாவு இரண்டு மடங்காக உப்பும்வரை மூடி வையுங்கள். கடிகாரத்தைவிட மாவைப் பார்ப்பதே நல்லது. குளிர்ப் பிரதேசத்தில் ஒன்றரை மணி நேரம் ஆகலாம், வெயில் காலச் சமையலறையில் முக்கால் மணி நேரத்திலேயே உப்பிவிடும். அளவு மீறி உப்பினால் புளித்த வாடை வரும். அவசரம் இல்லையென்றால் முதல்நாள் இரவே பிசைந்து, மூடிய பாத்திரத்தில் ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். குளிர்ந்த மாவு தேய்ப்பதற்கும் எளிது.

7. நேரமில்லாத நாளில் கடை மாவே கைகொடுக்கும். அமெரிக்க, ஐரோப்பிய சூப்பர் மார்க்கெட்டுகளில் கிடைக்கும் பீட்சா மாவு, ஃப்ரோஸன் பிரெட் மாவு இரண்டும் இதற்குப் பொருந்தும். டியூபில் வரும் கிரசென்ட் ரோல் மாவில் பூரணத்தைச் சுருட்டி வைத்தால் கால் மணி நேரத்துக்குள் வெந்துவிடும். அது மென்மையான மாவு என்பதால் ஒரு துண்டுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் பூரணம் போதும். எந்தக் கடை மாவானாலும் மேலே கேரவே விதையைத் தூவ மறக்க வேண்டாம்.

இறைச்சி, சவர்கிராட், சீஸ், சாஸ்

8. டின்னில் வரும் கார்ன்ட் பீஃப் வேறு, டெலியில் வெட்டித் தருவது வேறு. டின் சரக்கு உதிரி உதிரியாக, கொழுப்போடு குழைந்திருக்கும். இலங்கையிலும் வளைகுடாவிலும் பலருக்குப் பழக்கமானது அதுதான். டெலி சரக்கு மாட்டின் நெஞ்சுப் பகுதியை உப்பும் மசாலாவும் கலந்த நீரில் பல நாள் ஊறவைத்து, முழுத் துண்டாக வேகவைத்தது. ரூபனுக்கு இதுவே வேண்டும். டின்தான் கிடைக்கும் என்றால், வாணலியில் புரட்டிக் கொழுப்பை வடித்துவிட்டு, ஓரம் முறுகிய பிறகு பயன்படுத்துங்கள்.

9. பச்சைக் கார்ன்ட் பீஃப் வாங்கி வீட்டில் வேகவைப்பது லாபம். முதலில் குழாய்த் தண்ணீரில் கழுவி மேலுப்பைப் போக்குங்கள். மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி வையுங்கள். ஒன்றேகால் கிலோ துண்டு வேக மூன்று மணி நேரம் பிடிக்கும். முள்கரண்டி தடையில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது என்று பொருள். வெந்ததும் நன்றாகச் சுருங்கும், அதனால் தேவைக்கு அதிகமாகவே வாங்குங்கள். அமெரிக்காவில் மார்ச் 17, செயின்ட் பேட்ரிக் தினத்தை ஒட்டிக் கடைகளில் இது குவிந்து கிடக்கும். அன்று சமைத்து மிஞ்சியதை மறுநாள் ரோலாக்குவது அருமையான வழி.

10. இறைச்சியை நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்டி, பிறகு பொடியாக நறுக்குங்கள். முழு ஸ்லைஸாக உள்ளே வைத்தால் ஒரே கடியில் மொத்தமும் இழுபட்டு வெளியே வந்துவிடும், மிச்சம் வெறும் பன்தான். கடலைப்பருப்பு அளவுத் துண்டுகளாக இருந்தால் ஒவ்வொரு கடியிலும் இறைச்சி, சீஸ், புளிப்பு மூன்றும் சேர்ந்து வரும்.

11. சவர்கிராட்டைப் பிழியுங்கள், மறுபடியும் பிழியுங்கள். 25 குறிப்புகளில் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதையே கடைப்பிடியுங்கள். ஜாடியிலிருந்து எடுத்ததை வடிகட்டியில் அழுத்திவிட்டால் போதும் என்று தோன்றும். அதையே ஒரு பருத்தித் துணியில் கொட்டி, நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். மங்கலான மஞ்சள் நீர் முதலில் தாரையாக இறங்கும், பிறகு சொட்டும், இனி வராது என்று நினைக்கும்போது இன்னொரு முறுக்குக்கு இன்னும் கொஞ்சம் வரும். துணியைப் பிரித்தால் சவர்கிராட் ஒரு கெட்டி உருண்டையாக இருக்க வேண்டும், விரலால் உதிர்த்தால் இழை இழையாகப் பிரிய வேண்டும். அதன் பிறகும் ஒரு டீஸ்பூன் வெண்ணெயில் மூன்று நிமிடம் வதக்கி மிச்ச ஈரத்தை ஓட்டுங்கள். லேசாகப் பொன்னிறம் ஏறும்போது புளிப்பும் பதமாகிவிடும். பிழிந்த நீரைக் கொட்டாதீர்கள். இரண்டு ஸ்பூனை உருளைக்கிழங்கு சாலட்டில் சேர்த்தால் வினிகரே வேண்டாம்.

12. சவர்கிராட்டை வீட்டிலேயே போடலாம். ஒரு கிலோ முட்டைகோஸை மெல்லிய இழைகளாக நறுக்கி, 20 முதல் 22 கிராம் அயோடின் சேர்க்காத உப்புப் போட்டுப் பிசையுங்கள். சிறிது நேரத்தில் கோஸ் தானே நீர் விடும். கண்ணாடி ஜாடியில் அழுத்தி நிரப்பி, கோஸ் முழுவதும் அந்த நீருக்குள் மூழ்கியிருக்கும்படி மேலே கனம் வையுங்கள். வினிகர் தேவையில்லை, கோஸில் இயல்பாகவே உள்ள லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் புளிப்பைக் கொண்டுவந்துவிடும். 20 டிகிரி செல்சியஸில் மூன்று நான்கு வாரம் ஆகும். வெப்பமான ஊர்களில் சீக்கிரம் புளிக்கும் என்பதால் ஒரு வாரத்திலிருந்தே ருசி பார்த்து, பிடித்த புளிப்பில் ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். பூஞ்சை படர்ந்தாலோ கெட்ட வாடை வந்தாலோ தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

13. டிரெஸ்ஸிங் கெட்டியாக இருக்கட்டும். அரை கப் மயோனைஸ், 2 டேபிள்ஸ்பூன் தக்காளி கெச்சப், பொடியாக நறுக்கிய வெங்காயம் 1 டேபிள்ஸ்பூன், ஹார்ஸ்ரேடிஷ் 1 டீஸ்பூன், வூஸ்டர்ஷையர் சாஸ் 1 டீஸ்பூன், பாப்ரிகா தூள் அரை டீஸ்பூன். எல்லாவற்றையும் கலந்தால் ரஷ்யன் டிரெஸ்ஸிங் தயார். ஹார்ஸ்ரேடிஷ் இல்லையென்றால் காரமான கடுகு பேஸ்ட் அந்த இடத்தை நிரப்பும். ரோலுக்குள் ஒன்றுக்கு ஒரு டீஸ்பூன் மட்டும் வைத்து, மிச்சத்தைத் தொட்டுக்கொள்ள எடுத்துவையுங்கள். மயோனைஸ் அதிகமாக உள்ளே போனால் ஓவன் சூட்டில் எண்ணெய் பிரிந்து மாவை ஊறவைத்துவிடும்.

14. சீஸைத் துருவாமல் மெல்லிய ஸ்லைஸாக வையுங்கள். ஸ்லைஸ் மாவுக்கும் பூரணத்துக்கும் நடுவே ஒரு விரிப்பாக இருந்து ஈரத்தைத் தடுக்கும். ஓட்டைகள் உள்ள எமென்டால் வகைதான் அமெரிக்காவில் சுவிஸ் சீஸ் என்று விற்கப்படுவது. குருயேர் இன்னும் ருசியாக இருக்கும், விலை கூடுதல். இரண்டும் கிடைக்காவிட்டால் மொஸரெல்லாவோடு சிறிது முற்றிய செடார் சேர்க்கலாம். மொஸரெல்லா மட்டும் போட்டால் இழுபடும், மணம் இருக்காது.

15. பூரணம் முழுவதும் ஆறிய பிறகே மாவில் வையுங்கள். சூடான பூரணம் மாவிலுள்ள வெண்ணெயை உருக்கும், அடிப்பக்கம் இளகிக் கிழியும். இறைச்சியையும் சவர்கிராட்டையும் கலந்து அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் கெட்டிப்படும். பிறகு 12 பங்காகப் பிரித்து உருட்டியே வைத்துக்கொண்டால் மடிக்கும் வேலை மளமளவென்று முடியும்.

மடிப்பு

16. மாவை வட்டமாகத் தேய்க்கும்போது நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் விடுங்கள். ஐந்து அங்குல வட்டம் போதும். கட்டையை நடுவிலிருந்து வெளியே உருட்டி, உருண்டையைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே வந்தால் இந்த வடிவம் தானாக அமையும். ஒரே கனத்தில் தேய்த்தால், மடிப்புகள் சேரும் இடத்தில் மாவு திரண்டு வேகாமல் நின்றுவிடும்.

17. அடுக்கும் வரிசை முக்கியம். முதலில் சீஸ், அதன்மேல் இறைச்சியும் சவர்கிராட்டும் சேர்ந்த உருண்டை, அதன்மேல் சாஸ், கடைசியில் இன்னொரு சீஸ் துண்டு. இப்படி வைத்தால் ஈரமான எதுவும் மாவை நேரடியாகத் தொடாது. ஓரத்தில் முக்கால் அங்குலம் சுத்தமாக இருக்கட்டும். அங்கே சாஸோ வெண்ணெயோ பட்டால் மாவு ஒட்டாது. பட்டுவிட்டால் ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த மாவைத் தொட்டு வையுங்கள்.

18. மோதகத்துக்குக் கூட்டுவது போல ஓரத்தைச் சுற்றிக் கொசுவிக்கொண்டு வாருங்கள். இடதுகைக் கட்டைவிரலால் பூரணத்தை உள்ளே அழுத்தியபடி, வலதுகை விரல்களால் ஓரத்தை இழுத்து நடுவில் சேர்க்க வேண்டும். எல்லா மடிப்பும் ஒன்றுசேர்ந்ததும் கிள்ளி, லேசாகத் திருகி, உள்ளங்கையால் தட்டிவிடுங்கள். பிறகு ரோலை மடிப்பு கீழே இருக்கும்படி மேசையில் வைத்து, கையைக் குவித்து இரண்டு சுற்றுச் சுற்றினால் அடிப்பக்கம் இறுகிவிடும். உள்ளே காற்று அடைபட்டால் சுடும்போது மேல்பக்கம் குடையாக எழும்பும், அதனால் கொசுவும்போதே காற்றை வெளியேற்றிவிடுங்கள்.

சுடுவது

19. பட்டர் பேப்பர் விரித்த தட்டில் இரண்டு அங்குல இடைவெளி விட்டு அடுக்கி, மேலே துணி போட்டு இருபது முதல் முப்பது நிமிடம் வையுங்கள். மாவு லேசாக உப்பினால் போதும். பூரணம் வைத்த மாவு நெடுநேரம் இருந்தால் அடிப்பக்கம் ஈரம் இழுக்கும். ஓவன் சிறியது என்றால் ஆறு ரோலை முதலில் சுட்டு, மீதியை ஃப்ரிட்ஜில் காத்திருக்க விடுங்கள்.

20. முட்டையைப் பாலோடு அடித்து மேலே தடவினால் பளபளப்பான பழுப்பு நிறம் வரும். முட்டை வேண்டாதவர்கள் பால் மட்டும் தடவலாம், நிறம் சற்று வெளிறும். தடவிய ஈரத்திலேயே கேரவே விதையைத் தூவுங்கள். உப்புக்கல் தூவ வேண்டாம், கார்ன்ட் பீஃப்பிலும் சவர்கிராட்டிலும் உள்ள உப்பே போதும். கடைசியாக, கூரான கத்தியால் மேலே அரை அங்குலத்தில் இரண்டு கீறல் போடுங்கள். உள்ளே திரளும் நீராவிக்கு அதுதான் வாசல். கீறாவிட்டால் ஆவி பலவீனமான மடிப்பைத் தேடி உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

21. முன்கூட்டியே 190 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிய ஓவனில், நடுத்தட்டில் 20 முதல் 25 நிமிடம் சுடுங்கள். விசிறியோடு ஓடும் ஓவனானால் 15 டிகிரி குறைத்துக்கொள்ளலாம். மேலே சிவந்ததை மட்டும் பார்த்து எடுத்துவிடாதீர்கள். ஒரு ரோலைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள், அங்கும் பழுப்பு ஏறியிருக்க வேண்டும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் உட்புறம் 88 டிகிரி காட்டட்டும். மேல்பக்கம் சீக்கிரம் சிவந்தால் அலுமினியம் ஃபாயிலை மேலே தளர்வாகப் போடுங்கள்.

22. எடுத்ததும் கம்பித் தட்டுக்கு மாற்றிப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். சூடான தட்டிலேயே கிடந்தால் அடிப்பக்கம் வியர்த்து நமுக்கும். உருகிய சீஸ் வாயைச் சுட்டுவிடும் என்பதால் குழந்தைகளுக்கு இரண்டாகப் பிளந்து கொடுங்கள். கூடவே மீதி டிரெஸ்ஸிங்கும், டெலியில் தருவது போல வெள்ளரிக்காய் ஊறுகாயும் வைத்தால் விருந்து நிறைவாக இருக்கும்.

சேமிப்பும் மாற்றங்களும்

23. சுட்ட ரோலை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். 32 டிகிரியைத் தாண்டும் வெயிலில் ஒரு மணி நேரமே எல்லை. நன்றாக ஆறியபின் மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் மூன்று நாள் இருக்கும், ஒவ்வொன்றாகச் சுற்றி ஃப்ரீஸரில் வைத்தால் இரண்டு மாதம் தாங்கும். சூடுபடுத்த, 175 டிகிரி ஓவனில் ஃப்ரிட்ஜ் ரோலுக்குப் பதினைந்து நிமிடம், உறைந்த ரோலுக்கு ஃபாயில் சுற்றி அரை மணி நேரம். உள்ளே நடுப்பகுதி வரை ஆவி பறக்கச் சூடாக வேண்டும். மைக்ரோவேவில் மட்டும் வைத்தால் மேல்தோல் ரப்பராகிவிடும். அரை நிமிடம் அதில் வைத்து, பிறகு ஏர் ஃப்ரையரிலோ ஓவனிலோ நான்கைந்து நிமிடம் முறுகவிடலாம்.

24. விருந்தாளி என்ன சாப்பிடுவார் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டிறைச்சி வேண்டாம் என்பவர்களுக்கு டெலியிலேயே வழி உண்டு: வான்கோழி இறைச்சியும், சவர்கிராட்டுக்குப் பதில் முட்டைகோஸ் சாலடான கோல்ஸ்லாவும் வைத்தது ரேச்சல் சாண்ட்விச். கோல்ஸ்லாவையும் பிழிந்தே வைக்க வேண்டும். கோழி என்றால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் உப்பு, கொத்தமல்லி விதை, கடுகு, மிளகு, கிராம்பு, பிரிஞ்சி இலை போட்டுக் காய்ச்சி ஆறவைத்த நீரில் நெஞ்சுக்கறியை ஓர் இரவு ஃப்ரிட்ஜில் ஊறவைத்து வேகவையுங்கள். கார்ன்ட் பீஃப்புக்குப் போடும் மசாலாவும் ஏறக்குறைய இதுதான். சைவத்துக்குக் காளானை நறுக்கி, மிளகும் கொத்தமல்லித் தூளும் போட்டு நீர் முழுக்க வற்றும்வரை வதக்குங்கள். வூஸ்டர்ஷையர் சாஸில் பொதுவாக நெத்திலி சேர்ந்திருக்கும் என்பதால் சைவ ரோலில் அதைத் தவிருங்கள். யூதர்களின் கோஷர் முறையைக் கடைப்பிடிப்பவர்கள் இறைச்சியையும் பால் பொருளையும் சேர்த்து உண்பதில்லை. அவர்களுக்குச் சீஸை விட்டுவிட்டு, மாவிலும் பால், வெண்ணெய்க்குப் பதில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ப்பதோடு, இறைச்சியும் கோஷர் கடையில் வாங்கியதா என்று பாருங்கள்.

25. ரூபன் கைவந்துவிட்டால் மற்றச் சாண்ட்விச்சுகளையும் இதே முறையில் ரோலாக்கலாம். ஒவ்வொரு பொருளையும் எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். ஓவன் சூட்டைத் தாங்குமா? நீர் விடுமா? விடும் என்றால் முன்கூட்டியே பிழிந்தோ வதக்கியோ அதை எடுத்துவிட முடியுமா? பன்றி இறைச்சி, ஹாம், சுவிஸ் சீஸ், ஊறுகாய், கடுகு சேர்ந்த கியூபன் சாண்ட்விச், ஊறுகாயைத் துடைத்து வைத்தால் மூன்றிலும் தேறும். ஃபிலடெல்ஃபியாவின் சீஸ் ஸ்டேக் சாண்ட்விச்சில் வெங்காயத்தை நன்றாக வதக்கிவிட்டால் அதுவும் தேறும். பச்சைத் தக்காளித் துண்டும் லெட்யூஸ் இலையும் தேறாது, அவற்றைத் தட்டோரத்தில் சாலடாக வையுங்கள். புதிதாக எதைச் செய்தாலும் முதலில் இரண்டே ரோல் சுட்டு, பிளந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். அது உலர்ந்து உறுதியாக இருந்தால் மிச்ச மாவையும் தைரியமாக அடைத்துச் சுடலாம்.